சுழி கெடாமல் எழுத்துருவை மாற்றுவது எப்படி?

தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்கிறோம். மியான்மரின் யாங்கூனில் பர்மியப் பிள்ளைகளும் அப்படித்தான் படிக்கிறார்கள். அவர்களுடைய வகரத்தின் பெயர் 'வ லோன்', அதாவது உருண்டை வ. முதல் எழுத்தின் பெயர் 'பெரிய க'. 'கங்கை' என்பதன் முதல் ஒலியைப் போல ஒலிக்கும் இன்னோர் எழுத்து 'சின்ன க'. இரண்டு மொழிகளிலும் பெயரே உருவத்தைச் சொல்லிவிடுகிறது. அதனால் உருவம் கெட்டால் எழுத்தும் கெட்டது. சுழி அடைந்துபோன ணகரத்தை யாரும் ணகரமாகப் படிக்க முடியாது. நடுவில் மை நிரம்பிய உருண்டை வ ஒரு கரும்பொட்டுதான்.

யாங்கூனில் தமிழும் பர்மியமும் ஒரே தாளில் சேரும் தேவை எப்போதும் உண்டு. அனோரத்தா சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டிய காளியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. ஒரு கோயில் திருவிழா அறிவிப்பையோ கல்யாணப் பத்திரிகையையோ இரு மொழியிலும் நீங்கள் வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழுக்கு ஓர் எழுத்துரு, பர்மியத்துக்கு ஓர் எழுத்துரு. இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் ஒன்று பெரிதாகத் தெரிகிறது, இன்னொன்று மெலிந்து தெரிகிறது. உடனே எழுத்துருத் திருத்தியைத் திறந்து ஒன்றைச் சுருக்குகிறீர்கள், கொஞ்சம் தடிக்க வைக்கிறீர்கள், தலைப்புக்குச் சாய்த்தும் பார்க்கிறீர்கள். அங்கேதான் சுழிகள் அடைவதும், வெள்ளைத் துளைகள் விழுவதும், வளைவுகள் நொறுங்குவதும் தொடங்குகின்றன.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, மருந்தும் உண்டு. மருந்தைச் சரியான வரிசையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

மியான்மரில் 'ஃபான்ட் மாற்றுவது' என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. பல ஆண்டுகள் அங்கே ஸோஜி என்ற எழுத்துரு பரவியிருந்தது. அது யூனிகோட் முறைக்கு ஒத்துவராத குறியீட்டில் ஓடியது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. ஸோஜியில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றுவது, நம் ஊரில் பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றுவதைப் போன்றது. அது குறியீட்டு மாற்றம். அதில் எழுத்தின் கோடு எதுவும் நகராது. இங்கே பேசுவது கோடுகளைப் பற்றி: எழுத்தின் உருவத்தையே சுருக்கி, நீட்டி, புரட்டி, சாய்க்கும் வேலை.

இதற்குப் பல மென்பொருள்கள் உண்டு. செலவில்லாமல் தொடங்க ஏற்றது ஃபான்ட்ஃபோர்ஜ். ஜார்ஜ் வில்லியம்ஸ் எழுதிய இது 2000இல் பிஃபாஎடிட் என்ற பெயரில் வெளிவந்து, 2004இல் இன்றைய பெயரைப் பெற்றது. கீழே சொல்லும் கட்டளைப் பெயர்கள் அதிலிருந்து எடுத்தவை. மற்றத் திருத்திகளிலும் ஏறக்குறைய இதே கருவிகள்தான்.

எழுத்துக்குள் என்ன இருக்கிறது?

எழுத்துருவில் மை கிடையாது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். எழுத்து ஒரு சதுரக் கட்டத்தில் வரையப்படுகிறது. அந்தக் கட்டத்தின் உயரம் பெரும்பாலும் 1000 அலகு, ட்ரூடைப் என்ற எழுத்துரு வகையில் பல நேரம் 2048 அலகு. உருண்டை வவை எடுத்துக்கொண்டால் அதில் இரண்டு மூடிய கோடுகள்: வெளியே பெரிய வட்டம், உள்ளே சிறிய வட்டம். இரண்டுக்கும் நடுவில்தான் மை.

ஒவ்வொரு வட்டத்துக்கும் மேல், கீழ், இடம், வலம் என நான்கு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வளைவை இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகள். வட்டத்தின் ஆரம் 250 அலகு என்றால் கைப்பிடியின் நீளம் ஏறக்குறைய 138 அலகு. அதாவது ஆரத்தின் 0.5523 மடங்கு. இந்தக் கணக்கு பிசகினால் வட்டம் முட்டையாகவோ சதுரமாகவோ தெரியும்.

பர்மிய எழுத்துக்கு இது உயிர்நாடி. பாகானின் மியாசேதி கல்வெட்டுக் காலத்தில், சுமார் 1113இல், கல்லில் செதுக்கிய பர்மிய எழுத்து கட்டம் கட்டமாக இருந்தது. பிறகு ஓலையில் எழுதி எழுதி உருண்டது. எழுத்தாணியின் நேர்க்கோடு ஓலையின் நரம்போடு ஓடினால் ஓலை கிழியும், வளைவு கிழிக்காது. ஓலையில் எழுதிய தமிழுக்கும் இது தெரிந்த கதைதான். இன்றைய பர்மிய எழுத்துருவில் பெரும்பகுதி வளையங்களே. ஒரே வளையத்தை மேலே திறந்தால் ப. கீழே திறந்தால் சின்ன க. கீழே திறந்த இரண்டு வளையங்களை ஒட்டினால் பெரிய க. ஆகவே வடிவமைப்பவர் ஒரு வளையத்தைச் செய்துவிட்டு, நகலெடுத்து, புரட்டி, ஒட்டித்தான் மற்றவற்றைச் செய்ய விரும்புவார். அது நல்ல வழிதான், ஆனால் கோட்டின் திசையைப் புரிந்துகொண்ட பிறகு.

வலமா, இடமா?

எழுத்துருவின் கோட்டுக்குத் திசை உண்டு. கோயில் பிராகாரத்தை வலம் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். யாங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவையும் மக்கள் வலமாகத்தான் சுற்றுகிறார்கள். ட்ரூடைப் எழுத்துருவில் வெளிக்கோடு வலமாகச் சுற்ற வேண்டும், உள்ளே துளையைச் சுற்றும் கோடு இடமாகச் சுற்ற வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னோர் எழுத்துரு முறையில் இது தலைகீழ். எந்த முறையானாலும் வெளியும் உள்ளும் எதிரெதிராகச் சுற்றுவது கட்டாயம்.

ஓரிடத்தில் மை விழ வேண்டுமா என்பதைக் கணினி எண்ணிப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த இடத்தை வலமாகச் சுற்றும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று கூட்டும், இடமாகச் சுற்றும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று கழிக்கும். விடை பூஜ்யம் என்றால் வெள்ளை, வேறு எதுவானாலும் கருப்பு. உருண்டை வவின் துளைக்குள் நின்றால் வெளிக்கோட்டுக்கு ஒன்று கூட்டி, உள்கோட்டுக்கு ஒன்று கழித்துப் பூஜ்யம் வரும்; துளை வெள்ளையாக இருக்கும். உள்கோடும் வலமாகச் சுற்றினால் விடை இரண்டு. துளை கருப்பாக அடைந்துவிடும். ணகரத்தின் சுழி அடைவதும் இதனால்தான்.

கண்ணாடியில் பார்த்தது போல ஓர் எழுத்தைப் புரட்டினால் எல்லாக் கோடுகளின் திசையும் மாறிவிடும். வலம் இடமாகும், இடம் வலமாகும். முழு எழுத்தையும் சேர்த்துப் புரட்டும்போது துளை அடையாது; உள்ளும் வெளியும் இன்னும் எதிரெதிராகத்தான் இருக்கின்றன. திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். இந்த நிலைதான் ஏமாற்றக்கூடியது. புரட்டிய துண்டை, புரட்டாத துண்டின் மேல் ஒட்டிப் பாருங்கள். பெரிய கவின் இடது வளைவு வலமாகச் சுற்றுகிறது, புரட்டிச் செய்த வலது வளைவு இடமாகச் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில் ஒன்று கூட்டி ஒன்று கழித்துப் பூஜ்யம். எழுத்தின் நடுத்தண்டில் பல் விழுந்தது போல ஒரு வெள்ளைத் துளை.

மருந்து எளிது. புரட்டியவுடன் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து, திசையைச் சரிசெய்யும் 'கரெக்ட் டைரக்‌ஷன்' கட்டளையைக் கொடுங்கள். சுழற்றுவதால் திசை மாறாது, புரட்டினால் மட்டுமே மாறும். பவைச் சின்ன கவாக மாற்றப் பல எழுத்துருக்களில் 180 பாகை சுழற்றினாலே போதும். புரட்டாமல் முடிகிற இடத்தில் புரட்டாதீர்கள்.

சுருக்கும்போது

எழுத்தை 80 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் உயரம் மட்டும் சுருங்காது, கோட்டின் தடிமனும் சுருங்கும். 80 அலகு தடிமன் 64 ஆகிவிடும். அளவு ஒத்துவந்த பிறகும் ஒரு மொழி மற்றதைவிட மெலிந்து தெரிவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது சிக்கல் பின்னம். ட்ரூடைப்பில் புள்ளிகள் முழு எண்ணில்தான் நிற்க முடியும். சுருக்கிய பிறகு பின்னத்தில் நிற்கும் புள்ளிகளை முழு எண்ணுக்குத் தள்ள வேண்டும். அரை அலகு நகர்வது பெரிதா என்று தோன்றும். நீளமான கோட்டில் பெரிதில்லை. ஒரு கைப்பிடி 3 அலகு நீளமும் 1 அலகு உயரமும் போகிறது என்றால் அதன் சாய்வு சுமார் 18 பாகை. அதைப் பாதியாக்கினால் ஒன்றரையும் அரையும். முழு எண்ணுக்குத் தள்ளினால் 2, 1. இப்போது சாய்வு சுமார் 27 பாகை. வழுக்கிக்கொண்டு போன வளைவில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. எழுத்தின் முனைகளிலும் சிறு சுழிகளிலும் இப்படித்தான் நொறுங்கல் வருகிறது.

ஆகவே சுருக்கும் முன்பே 'சிம்ப்ளிஃபை' கட்டளையால் தேவையில்லாத நெருக்கப் புள்ளிகளை நீக்கிவிடுங்கள். சுருக்கிய பிறகு, முழு எண்ணுக்குத் தள்ளும் 'ரவுண்ட் டு இன்ட்' கட்டளையை ஒரே ஒரு முறை கொடுங்கள். சுருக்கி, தள்ளி, மீண்டும் பெருக்கி, மீண்டும் தள்ளினால் ஒவ்வொரு முறையும் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு சோதனையையும் மூலக் கோப்பிலிருந்தே புதிதாகத் தொடங்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் நீட்டும்போது

பர்மியத்தில் ஒரு ரகரக் குறி உண்டு. அது மெய்யெழுத்தின் இடப்புறத்தையும் மேலையும் கீழையும் வளைத்து, கைகளால் அணைப்பது போல நிற்கும். ஒற்றை வளைய எழுத்துக்கு அதன் அணைப்பு குறுகலாகவும், பெரிய க போன்ற இரட்டை வளைய எழுத்துக்கு அகலமாகவும் வேண்டும். குறுகியதை அகலவாக்கில் இழுத்தால் அகலமானது கிடைக்கும் என்று நினைக்கலாம். இழுத்தால் இடப்புறத் தண்டு தடித்துவிடும், மேலும் கீழும் ஓடும் கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். ஒரே எழுத்தில் இரண்டு பேனாக்கள் எழுதியது போலத் தெரியும்.

நீட்ட வேண்டியது முழு எழுத்தை அல்ல. வலப்பக்கத்தில் உள்ள புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து வலப்பக்கம் நகர்த்துங்கள். மேல், கீழ்க் கோடுகள் நீளும். இடத் தண்டு அப்படியே இருக்கும். தமிழில் 'ட' வின் கால் நீளத்தையோ 'ப' வின் அகலத்தையோ மாற்றும்போதும் இதே வழிதான்.

தடிக்கச் செய்யும்போது

மெலிந்த எழுத்தைத் தடிக்க 'சேஞ்ச் வெயிட்' போன்ற கட்டளைகள் உண்டு. அவை வெளிக்கோட்டை வெளியே தள்ளி, உள்கோட்டை உள்ளே இழுக்கின்றன. எது வெளி, எது உள் என்பதைத் திசையை வைத்துத்தான் அறிகின்றன. திசை தவறான கோட்டில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் தடிப்பதற்குப் பதில் மெலியும். ஆகவே திசையைச் சரிபார்க்காமல் தடிக்கச் செய்யாதீர்கள்.

அடுத்த ஆபத்து சிறு சுழிகளில். ணகரச் சுழியின் உள் ஆரம் 30 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 8 அலகு தடித்தால் ஆரம் 22 ஆகும், படிக்க முடியும். 35 அலகு தடித்தால் சுழி மறைவது மட்டுமல்ல, கோடு தன்னையே தாண்டி மறுபக்கம் போய் முறுக்கிக்கொள்ளும். இந்த முறுக்கலை எந்தக் கட்டளையாலும் அழகாக அவிழ்க்க முடியாது. கொஞ்சமாகத் தடித்து, சுழிகளைக் கையால் பெரிதாக்கி, பிறகு மீண்டும் தடிப்பதே வழி. அதற்கும் மேல் தடிமன் வேண்டுமென்றால், ஏற்கெனவே தடித்த வடிவம் வரைந்து வைத்திருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எஸ்ஐஎல் நிறுவனத்தின் பர்மிய எழுத்துருவான படாக்கில் சாதாரண வடிவமும் தடித்த வடிவமும் தனித்தனியே இருக்கின்றன. நம் வேங்கையின் இனத்து மரமான படாக் மரத்தின் பெயர் அதற்கு.

சாய்க்கும்போது

சாய்த்த வட்டத்தில் மேற்புள்ளி இனி மேற்புள்ளி அல்ல. வளைவின் உச்சி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், பழைய புள்ளி சரிவில் நிற்கும். உச்சியில் புள்ளி இல்லாவிட்டால் எழுத்தின் எல்லையைக் கணக்கிடுவதில் பிழை வரலாம். சிறிய அளவில் திரையில் தெளிவாகத் தெரிவதற்காகச் சேர்க்கும் ஹின்ட் குறிப்புகளும் சரியாக வேலை செய்யா. அதனால் உச்சிகளில் புள்ளி வைக்கும் 'ஆட் எக்ஸ்ட்ரீமா' கட்டளையைக் கொடுத்து, சரிவில் நிற்கும் பழைய புள்ளிகளை நீக்குங்கள்.

இத்தனை செய்த பிறகும் சாய்ந்த வளையம் ஒரு மூலையில் தடித்தும் மறு மூலையில் மெலிந்தும் நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும். சாய்வெழுத்து பர்மியத்துக்கும் தமிழுக்கும் சொந்த மரபல்ல. ரோமன் அச்சிலிருந்து இரவல் வாங்கியது. ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் தடித்த எழுத்தோ நிறமோ போதும் என்பதே என் உறுதியான கருத்து. உருண்டையாக நிற்கப் பிறந்த எழுத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

இரவல் உறுப்புகள்

பல எழுத்துகள் எழுத்துருவில் தனியாக வரையப்படுவதில்லை. 'க்' என்பது ககரத்தையும் புள்ளியையும் இரவல் வாங்கி நிற்கலாம். 'டி' டகரத்தை இரவல் வாங்கியிருக்கலாம். மூலத்தை மாற்றினால் இரவல் வாங்கியதும் தானாக மாறும். இது பெரிய வசதி. ஆனால் டகரத்தை மட்டும் சுருக்கினால் 'டி'யில் எழுத்து சுருங்கி, மேல்விலங்கு பழைய உயரத்திலேயே தொங்கும். ஆகவே மாற்றுவதானால் எல்லா எழுத்துகளையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். புரட்டி இரவல் வாங்கிய உறுப்பு இருந்தால், 'அன்லிங்க் ரெஃபரன்ஸ்' கட்டளையால் அதைச் சொந்தக் கோடாக்கிய பிறகே திசையைத் திருத்துங்கள்.

கோடு மட்டும் மாறினால் போதாது. எழுத்தின் அகலம், எழுத்திடை, புள்ளியும் குறிகளும் ஒட்டும் நங்கூரப் புள்ளிகள் எல்லாம் அதே அளவில் மாற வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜின் உருமாற்றப் பெட்டியில் அகலத்துக்கும் எழுத்திடைக்கும் தனித்தனித் தேர்வுக் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றைக் குறியிட மறந்தால் எழுத்து சுருங்கும், இடைவெளி பழைய அளவிலேயே இருக்கும். மெய்யின் கீழ் மெய் அடுக்கும் பர்மியத்தில் நங்கூரம் தவறினால் அடுக்கே சரிந்துவிடும்.

ஒட்டிய துண்டுகளை ஒன்றாக்குதல்

ஒன்றன்மேல் ஒன்று படிந்த துண்டுகளை ஒரே கோடாக்க 'ரிமூவ் ஓவர்லாப்' உண்டு. சில நேரம் இதைக் கொடுத்தவுடன் எழுத்தின் ஒரு பகுதி காணாமல் போகும். பெரும்பாலும் காரணம், இரண்டு துண்டுகளின் விளிம்புகள் ஒரே கோட்டின்மேல் அச்சாகப் படிந்திருப்பதுதான். எங்கே வெட்டுகின்றன என்பதைக் கணினியால் தீர்மானிக்க முடியவில்லை. ஒரு துண்டைச் சில அலகுகள் உள்ளே தள்ளி, இரண்டும் தெளிவாக ஒன்றையொன்று வெட்டும்படி வைத்துவிட்டு மீண்டும் கொடுங்கள். உச்சிப் புள்ளிகள் வைத்து முழு எண்ணுக்குத் தள்ளிய பிறகு கொடுத்தால் பிழை குறையும்.

வரிசை

மூலக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். தேவையற்ற புள்ளிகளை நீக்குங்கள். புரட்டிய இரவல்களைச் சொந்தமாக்குங்கள். பிறகு சுருக்குவதோ சாய்ப்பதோ, வேண்டிய மாற்றத்தைச் செய்யுங்கள். அடுத்து திசை. திசை சரியானதும், தேவையானால் தடிப்பு. பிறகு உச்சிப் புள்ளிகள், முழு எண், துண்டுகளை ஒன்றாக்குதல். ஒன்றாக்கும்போது வெட்டுமிடங்களில் பின்னப் புள்ளிகள் பிறந்தால் அவற்றையும் முழு எண்ணுக்குத் தள்ளுங்கள். 'வேலிடேட்' கட்டளையால் முழு எழுத்துருவையும் சோதியுங்கள்; முறுக்கிய கோடும் தவறான திசையும் அதில் பட்டியலாக வரும். கடைசியில் புதிதாக ஹின்ட் சேர்த்து, ட்ரூடைப் வேண்டுமென்றால் அப்போது மாற்றுங்கள். ட்ரூடைப்பின் வளைவு எளிய வகை. போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒரே வளைவாக வரும் கால்வட்டத்தை அங்கே பல துண்டுகளாக உடைத்தால்தான் வரும். முதலிலேயே மாற்றிவிட்டால் திருத்த வேண்டிய புள்ளிகள் பெருகிவிடும்.

உரிமத்தையும் பாருங்கள். படாக், நோட்டோ சான்ஸ் மியான்மர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகின்றன, மாற்றலாம், பகிரலாம். மாற்றியதை அதே உரிமத்தில்தான் தர வேண்டும். உரிமத்தில் காத்துவைத்த பெயர் இருந்தால் உங்கள் பதிப்புக்கு வேறு பெயர் சூட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு தாள்களை அச்சிடுங்கள். ஒன்றில் 8 புள்ளி அளவில் ண, ன, ஞ, ஹ, ஸ்ரீ; அவற்றோடு உருண்டை வ, பெரிய க, அணைப்புக் குறி. இன்னொன்றில் அவற்றையே 200 புள்ளி அளவில். பெரிய தாளில் முடிச்சும் கோணலும் தெரியும், சிறிய தாளில் சுழி திறந்திருக்கிறதா என்று தெரியும். பிறகு சிறிய தாளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். 'மூன்று சுழி ண' என்று தயங்காமல் சொன்னால் உங்கள் எழுத்துரு அச்சுக்குப் போகலாம்.